மணிக்கு ஒரு டிகிரி

நவம்பர். பைக்கால் ஏரி இன்னும் உறையவில்லை.
போல்ஷியே கோத்திக்குச் சாலை கிடையாது.
புரோகோப்பி டீசலையும் ரொட்டியையும்
படகிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு
இருட்டுமுன் போய்விட்டார்.
ஆய்வு நிலையத்தில் இன்றிரவு
நானும் எட்டுக் கண்ணாடித் தொட்டிகளும்.

தொட்டிகளில் இறாலுக்குத் தூரத்துச் சொந்தம்,
பாசிப் பச்சை, விரல் நீளம்,
பக்கவாட்டில் நசுங்கிய உடம்பு.
ஆறு டிகிரி நீருக்கென்றே ஆனவை.
கோடை வந்தால் ஆழத்துக்கு இறங்கிவிடும்.
இது அவற்றின் கல்யாண மாதம்:
ஆண், பெண்ணை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து
நாள் கணக்காகச் சுமந்து திரிகிறது,
அவள் சட்டை உரிக்கும் அந்த ஒரு பொழுதுக்காக.

என் வேலை குமிழைத் திருப்புவது.
மணிக்கு ஒரு டிகிரி.
பிறகு எழுதுவது.

ஒன்பது: ஒன்றுமில்லை.
பன்னிரண்டு: நீந்துகால்கள் விசிறத் தொடங்குகின்றன,
செவுளுக்குப் புது நீர் வேண்டி.
பதினான்கில் அந்த விசிறல்
கைதட்டலைப் போல வேகமாகிறது, ஓசையில்லாமல்.

உள்ளே நடப்பது நாளை
தசையை உறையவைத்து அரைத்தால்தான் தெரியும்.
ஆனாலும் கதை எனக்குப் பழக்கம்.
சூட்டில் புரதங்கள் மடிப்புக் கலையும்,
அலமாரி திறந்ததும் சரியும் துணிகளாக.
வேறு புரதங்கள் ஓடிவந்து
விழுந்ததைப் பொறுக்கி மறுபடி மடிக்கும்.
சும்மா அல்ல. அதற்குக் கூலி உண்டு;
சேமித்த சர்க்கரையெல்லாம் அதில் கரையும்.
மூச்சு எட்டாத தசையில்
லாக்டிக் அமிலம் ஊறும்.

ஆறாம் தொட்டியில் இருப்பது நீலச் சாதி, குட்டை.
அலை தொடும் கல்லிடுக்கில் வாழ்வது.
வெயில் என்னவென்று அதற்குத் தெரியும்,
மடிப்புக்காரர்களை வருடம் முழுக்கச்
சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது.
பச்சையோ தீப்பிடித்த பிறகுதான் ஆள் தேடும்.
நான் எந்தச் சாதி என்று கேட்காதீர்கள்.

பதினேழு. இரவு ஒரு மணி.
மூன்றாம் தொட்டியில் ஆண் பிடியை விட்டது.
சண்டையில்லை. அவள் உதறவுமில்லை.
இரண்டு உடம்பைச் சுமக்க
மூச்சு போதவில்லை, அவ்வளவுதான்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது:
'பிரிந்த இணைகள்.'
ஒன்று என்று எழுதினேன்.

சோக்தோ உலான்-உதேக்குப் போன ஆகஸ்டில்
காட்டுத்தீப் புகை ஜன்னல் வரை நின்றது.
அவனும் கதவை மெதுவாகத்தான் சாத்தினான்.
ஏன் என்று கேட்டவர்களிடம்
புகையைப் பற்றிச் சொன்னேன்.

பதினெட்டில் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் கொட்டகை நாற்பது அடி தள்ளி.
உடனே ஓடியிருக்க வேண்டும்.
ஓடவில்லை.
கோட்டைப் போர்த்திக்கொண்டு
தொட்டிகள் ஆறும் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மூன்றாம் தொட்டி ஆணின் வயிற்றடியில் ஒரு பெண்.
அதே பெண்ணா? தெரியாது.
பெண்களுக்கு நாங்கள் அடையாளம் வைப்பதில்லை.

காலையில் ரேடியோவில் கிளாவ்தியா அர்தேமியெவ்னா:
"செல்லாது. புது விலங்குகளைப் பிடி, முதலிலிருந்து தொடங்கு.
இவற்றை மறுபடி சூடாக்காதே,
சூடு கண்ட பூனையிடம் என்ன கேட்பாய்?"
உண்மைதான். ஒருமுறை காய்ந்த உடம்பு
அடுத்த முறைக்கு ஆள் சேர்த்து வைத்திருக்கும்.
நமக்கு வேண்டியது எதையும் அறியாதவை.

வாளியோடு கரைக்கு வந்தேன்.
வாளியில் பதினான்கு, ஏரியில் ஐந்து.
அப்படியே கவிழ்த்தால் குளிரும் அடிதான்.
ஒரு குவளை ஏரி நீர் ஊற்றினேன்.
காத்திருந்தேன். இன்னொரு குவளை.
விரல்கள் மரத்துப்போயின.

புரோகோப்பியின் படகு வந்து அணைந்தது.
"என்ன பெண்ணே, வாளியில் பிள்ளை குளிப்பாட்டுகிறாயா?"
"எத்தனை மணி?" என்றேன்.
"ஒன்பது."
"அப்படியானால் இன்னும் எட்டு டிகிரி இருக்கிறது.
டீசலை நீங்களே இறக்கி வையுங்கள்."