சாய்வு

புத்தகத்தின் முதுகை அறுத்துவிட்டுத்தான்
வேலையைத் தொடங்குவேன்.
தாள்கள் ஒவ்வொன்றாய் ஸ்கேனருக்குள் போய் வரும்.
கீழே இரும்புக்கடை, ஆணி எண்ணும் சத்தம்.
ஜன்னலுக்கு வெளியே மொந்தேவிதேயோ,
ஆறா கடலா என்று ஊரே இன்னும் முடிவுசெய்யாத
பழுப்புத் தண்ணீர்.

பகலில் வங்கியில் கையொப்பம் சரிபார்க்கிறேன்.
இரவில் இது.

இயந்திரத்துக்கு எழுத்து தெரியும்.
எழுத்து நிற்கிற விதம் தெரியாது.
பக்க எண்ணை வாக்கியத்துக்குள் தள்ளிவிடும்:
"அவளுக்கு 87 மூன்று பிள்ளைகள்."
அடிக்குறிப்பைத் தூக்கிக்
காதல் கடிதத்தின் நடுவில் போடும்.
வெற்று வரியை வீண் என்று நினைத்து
இழுத்து மூடும்;
இராச்சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் முன்பே
கதையில் விடிந்துவிடும்.
இதையெல்லாம் திருத்துவேன்.
திருத்திவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எதெல்மீரா தொலைபேசியில் அழைத்தார்.
துறைமுகச் சுங்கத்தில் கணக்குத் தணிக்கை.
பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது.
"இருபதாம் பக்கத்தில் அன்செல்மோவைப் புதைத்தார்கள்.
நூற்று நாற்பதிலும் உட்கார்ந்து
உப்பு குறைவு என்கிறான்.
நூற்றிருபது பக்கமாக
அவனுக்கும் சேர்த்து நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறேன்.
இது ஆசிரியரின் கணக்கா,
உங்களுடையதா?"

படத்தைத் திறந்தேன்.
அன்செல்மோ பேசும் இடமெல்லாம்
எழுத்து சாய்ந்திருந்தது.
மண்ணில் சாய்ந்தவன்
தாளிலும் சாய்ந்தே பேசுகிறான்.
கண் உள்ளவனுக்கு அது போதும்.
அந்தச் சாய்வை நிமிர்த்தி
உயிரோடிருப்பவர்கள் வரிசையில்
அவனை நிறுத்தியது இயந்திரம்.
பார்த்தும் பாராமல் விட்டது நான்.

பதினோரு இரவு.
சாய்வு தொடங்கும் இடத்தில் ஒரு குறி,
முடியும் இடத்தில் ஒரு குறி,
அவர் விரல் அங்கே வரும்போது
பேசுவது யாரென்று தெரிய.
மாத்தே ஆறிப்போய்க் கசந்தது.
அறுநூற்றுப் பதினாலு இடம்.

அறுநூற்றுப் பதினைந்தாவது
ஒரே ஒரு சொல். "ஆம்."
எங்கள் ஸ்பானியத்தில் இரண்டே எழுத்து.
விதவை கேட்கிறாள்: வீட்டை விற்றுவிடலாமா?
அடுத்த வரியில்: ஆம்.
சொன்னது கொழுந்தனா, செத்தவனா?
முதல் எழுத்து பாம்பாய் வளைந்தது,
அதில் நிமிர்வும் தெரியாது, சாய்வும் தெரியாது.
இரண்டாவதன் மேல் யாரோ எப்போதோ சிந்திய கறை.
கறைக்கு வெளியே தலையில் ஏறிய கோடு மட்டும்,
அதுவோ எந்நாளும் சாய்ந்தே இருக்கிற கோடு.
அறுத்த தாள்கள் போன மாதமே
பழைய காகித வண்டியில் ஏறிவிட்டன.

ஒன்றரை மணி வரை பெரிதாக்கிப் பார்த்தேன்.
கையொப்பம் பார்த்துப் பழகிய கண்
கொழுந்தன்தான் என்றது.
கொழுந்தன் என்றே வைத்துவிட்டால்
யாருக்குத் தெரியப் போகிறது?

யாருக்குத் தெரியப் போகிறது.
இதை அவர் பக்கத்தில் நின்று
எத்தனை பேர் மனசுக்குள் சொல்லியிருப்பார்கள்,
மீதிச் சில்லறை தரும்போது,
படிவத்தில் அவர் விரலைப் பிடித்து
"இங்கே" என்று வைக்கும்போது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் எழுதினேன்:
இந்த இடத்தில் தாளில் கறை.
எழுத்து சாய்ந்திருக்கலாம், நிமிர்ந்திருக்கலாம்.
ஸ்கேன் செய்தவனுக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அழைத்தார்.
"விற்கச் சொன்னது யாரென்று கண்டுபிடித்துவிட்டேன்."
யார் என்றேன்.
"நீங்களும் படித்துப் பாருங்கள்."
வைக்கப் போனவர் நிறுத்தி,
"அந்தப் பழைய கோப்பை உங்கள் பக்கம் அழித்திருப்பீர்கள்.
நான் அழிக்கவில்லை.
அவன் சாப்பிட்ட நூற்றிருபது பக்கம்
அதில்தான் இருக்கிறது."

மேசையில் இப்போது ஒரு சமையல் புத்தகம்.
அரைக் கிண்ணம் வினிகரைப்
பன்னிரண்டு கிண்ணம் என்கிறது இயந்திரம்.