பத்து நாற்பதுக்கு

"தூக்குங்கோ" எண்டு
ரெலிபோனில் சொன்னது கமலேஸ்வரன் சேர்.
மூன்று தவணை பிந்திய ஓட்டோ.
பிறகு, பாசையூரிலிருந்து மரியநேசன் வந்து
வீட்டில் மிஞ்சியிருந்த மற்றச் சாவியை
என் மேசையில் எறிந்தபோது
கண்ணாடிக் கதவை மெல்லச் சாத்தியதும்
அவர்தான்.

கண்ணாடிக் கதவில் ஒரு வசதி:
சத்தம் போகாது, ஆள் தெரியும்.
கல்குலேற்றரைத் தட்டிக்கொண்டிருந்தார்.
கணக்கே இல்லாமல் தட்டுகிற தட்டு
எனக்குத் தெரியும்.

மரியநேசனுக்குக் காற்றுக்கு எதிரே கத்திப் பழகிய குரல்.
கஸ்தூரியார் வீதியின் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும்.
"உனக்கும் பிள்ளையள் இருக்குத்தானே?"
இருக்கு, ஒன்று.
ரியூசன் முடிந்து வைமன் வீதியில்
அரை மணித்தியாலமாய் என்னைப் பார்த்து நிற்குது.
அதை நான் சொல்லவில்லை.

கதவு திறந்தது.
சேர் வந்து அவன் தோளில் கை வைத்தார்.
"எனக்குத் தெரியாது தம்பி,
மிஸ் கொஞ்சம் அவசரப்பட்டிட்டா."

நான் வாய் திறக்க முதல்
பிளேன்ரீ வந்தது.
அவனுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

"சேர் அப்பிடித்தானே" என்றாள் டிலானி,
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.
"விடு" என்றார் வீட்டில், மீனில் முள் எடுத்தபடி.
எல்லாரும் எனக்காகத்தான் கதைத்தார்கள்.
ஒருவரும் எனக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

இரவு, போனில் பழைய அழைப்புகளைத் தேடிப் போனேன்.
செவ்வாய். பத்து நாற்பது.
ஒரு நிமிடம் ஏழு செக்கன்.
என்ன கதைத்தோம் என்று போனுக்குத் தெரியாது.
கதைத்தோம் என்று மட்டும் தெரியும்.
அதுகூட எனக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தது,
வெட்கமாயும் இருந்தது.

அடுத்த கிழமை மறுபடி ரெலிபோன்.
கொடிகாமத்து லான்ட்மாஸ்ரர் ஒன்று.
"தூக்குங்கோ."
"ஓம் சேர்" என்று வைத்துவிட்டு
ஈமெயிலைத் திறந்தேன்.

மதிப்பிற்குரிய ஐயா,
இன்று முற்பகல் ஒன்பது ஐம்பத்தைந்துக்குத்
தாங்கள் தொலைபேசியில் பணித்ததற்கமைய
மேற்படி வாகனத்தைக் கையேற்க உள்ளேன்.
தங்கள் உறுதிப்படுத்தல் கிடைத்ததும்
நடவடிக்கை எடுக்கப்படும்.

மூன்று தரம் வாசித்தேன்.
பணிவில் ஒரு குறையும் இல்லை.
கொழும்புக்குப் பிரதி போடவில்லை.
போட எனக்குத் தெரியும் என்று
அவருக்குத் தெரிந்தால் காணும்.

அறையை விட்டு என் மேசைக்கு வந்தார்,
ஆறு வருடத்தில் முதல் தடவை.
"என்ன மிஸ்,
எங்களுக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்கு?"
"மறதி, சேர்."
"ஆருக்கு?"
கொஞ்சம் பொறுத்து,
"எனக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பாப்பம்" என்றார்.
அந்தப் பாப்பத்தில்
கொடிகாமத்தில் ஆரோ ஒருவன்
ஏனென்று தெரியாமலே
இன்னொரு கிழமை தன் வயலை உழுதிருப்பான்.

இப்போது கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை.
இந்த வருடச் சம்பள உயர்வு
வந்தால்தான் வந்தது.
ஆனால் சொல்வதையெல்லாம் இரண்டு வரியில்
அனுப்புகிறார், நேரத்தோடு.
நன்றி, ஐயா, என்று நானும் அனுப்புகிறேன்.
அதை வெற்றி என்று டிலானி சொல்கிறாள்.

மரியநேசனைப் போன சனிக்கிழமை
பஸ் ஸ்ராண்டடியில் கண்டேன்.
வேறு ஆரினதோ ஓட்டோ, கூலிக்கு.
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
சேர் சொன்னது பொய்.
ஆனால் கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.
அந்தச் செவ்வாய்க்கிழமை
இந்த இரண்டு வரியை நான் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

அவன் எறிந்த சாவி என் லாச்சிக்குள்.
பேனை எடுக்க இழுக்கும்போதெல்லாம்
சறுக்கிக்கொண்டு முன்னுக்கு வருகிறது.