இடது எந்திரம், வலது எந்திரம்

டோர்ஸ்ஹவுன் மாலுமிப் பள்ளியின் அடித்தளத்தில்
ஒரு கப்பல் இருக்கிறது.
கடல் கிடையாது. மூன்று திரை, ஒரு சுக்கான்,
அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி
இரண்டு நெம்புகோல்.

புதன்கிழமை காலை ஹக்னி
இடதை முன்னுக்குத் தள்ளினான், வலதைப் பின்னுக்கு இழுத்தான்.
வலப்பக்கம் திரும்ப வேண்டிய கப்பல்
இடப்பக்கம் திரும்பி
மீன் கிடங்கின் சுவருக்குள் போய் நின்றது.

திரையில் யாரும் சாகவில்லை.
ரான்வா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.
"உன் கை சரிதான்," என்றாள் அவனிடம்.
பிறகு எனக்குத் தொலைபேசி வந்தது.

அமைப்புகள் பக்கத்தைத் திறந்தேன்.
நான் எழுதிய பக்கம்தான்.

யூஎஸ்பி உள்ளீட்டுச் சாதனம்
யூஎஸ்பி உள்ளீட்டுச் சாதனம்
யூஎஸ்பி உள்ளீட்டுச் சாதனம்
யூஎஸ்பி உள்ளீட்டுச் சாதனம்

"இதில் எது எது?" என்றாள் ரான்வா.
எனக்கும் தெரியவில்லை.
நேற்றிரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது.
எது முதலில் கண் விழித்ததோ
அதற்கு இடது என்று பெயர் வைத்துவிட்டது என் நிரல்.

வரிசை எண்ணைக் கேட்டுப் பார்த்தேன்.
இரண்டும் எட்டுச் சுழியம் சொல்லின.
இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டு
ஒரே பிறப்புச் சான்றிதழோடு
அனுப்பிவிட்டிருக்கிறது தொழிற்சாலை.

என் தெருவிலேயே யெக்வான் நான்கு பேர்.
ஓடைக்கரை யெக்வான், மேல்வீட்டு யெக்வான்,
டிராக்டர் யெக்வான்,
எனக்குப் பணம் தரவேண்டிய யெக்வான்.
தபால்காரி ஒருநாளும் தடுமாறியதில்லை.
எனக்கு மட்டும்
இவ்வளவு காலம் இது தோன்றவில்லை.

ஒன்பது நாள்.
எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ
அதை வீட்டுப் பெயராக்கினேன்.
நெம்புகோலைத் தொட்டால்
திரையில் அதன் வரி பச்சையாய் எரியும்.
பிடுங்கினால் மறையாது; சாம்பல் நிறத்தில்
தன் இடத்திலேயே காத்திருக்கும்.
பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம்:
நீங்கள் இதை என்னவென்று அழைப்பீர்கள்?

ரான்வா "இடது எந்திரம்" என்று எழுதினாள்.
வலதுக்கு ஹக்னி எழுதியது
வகுப்பில் வாசிக்கக் கூடியதல்ல.
அழிக்கச் சொன்னாள். அழித்தான்.
இரண்டு வாரம் யாரும் சுவரில் மோதவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
தரை துடைக்க வந்த சோல்வா
எல்லா வடங்களையும் பிடுங்கி, தூசி தட்டி,
அக்கறையாக, ஒன்று விடாமல்,
இடம் மாற்றிச் செருகிவிட்டுப் போனாள்.
திங்களன்று
மீன் கிடங்கு மறுபடி.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
வீட்டை மாற்றினால் பெயரும் மாறிவிடும் என்று
நான்தான் எழுதிவைத்திருந்தேன்,
ஐயமில்லாத, தடித்த எழுத்தில்.

இப்போது, எந்த வடம் கழன்று மீண்டாலும்,
பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி நிற்கிறது.
இடது எந்திரம்?
கீழே சிறிய எழுத்தில்:
இது அதுதான் என்று நினைக்கிறேன்.
ஒருமுறை அசைத்துக் காட்டுங்கள்.

பள்ளி முதல்வருக்குப் பிடிக்கவில்லை.
"மென்பொருள் தயங்கலாமா?" என்று கேட்டார்.
ரான்வா பதில் சொல்லவில்லை.
நெம்புகோலைத் தட்டினாள்.

வலது வரி எரிந்தது.

பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டு
ஹக்னியைக் கூப்பிட்டாள்.
திரையில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.