காற்று ஃப்ரெஷன் ஆகும்

அதிகாலை நாலரைக்கு வானொலி சொன்னது:
தென்மேற்குக் காற்று,
மதியத்துக்கு மேல் ஃப்ரெஷன் ஆகும்.
நான் இரண்டாவது காப்பியைக் குடிக்காமல் கொட்டினேன்.
ஓஸ்டாப் சிரித்தான்.
நல்லது, என்றான். ரொம்ப நல்லது.

அந்தச் சொல் அவனுக்கு அறிமுகமானது
வாடகை வீட்டுக் கழிவறையில்.
ஜன்னல் விளிம்பில் லாவெண்டர் படம் போட்ட டப்பா,
ஓர் அழுத்து, அறை மணக்கும்.
அகராதியிலும் பார்த்திருக்கிறான்:
புதிதாக்கு. வாட்டம் போக்கு.
ஆகவே கோட்டைக் கழற்றி எஞ்சின் மூடிமேல் போட்டான்,
விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

நான் திருத்தவில்லை.
ஐம்பது வருஷமாக வாயில் கிடக்கும் சொல்,
அதற்குப் பொருள் உண்டென்பதே மறந்துவிட்டது.

ஒன்றரைக்கு வந்தது.
முதலில் அலைகளின் தலையில் வெள்ளை, அங்கங்கே,
மாவு சிந்தியதுபோல்.
பிறகு எல்லாத் தலையிலும்.
லாப்ஸ்டர் கூண்டு ஒன்று தளத்தில் வழுக்கி வந்து
அவன் முழங்காலைத் தட்டியது.
இரண்டாவது தட்டவில்லை, இடித்தது.
கோட்டு கடலுக்குள் போனது, இரண்டு கையையும் விரித்தபடி.

வெர்னா, இதுவா? என்று கத்தினான்.
இதுதான்.
புயலா?
இல்லையப்பா, புயலுக்கு வேறு சொல் இருக்கிறது.

கரையில், மதுக்கடையில்,
லொரேட்டா புட்டியோடு வந்து
கிளாஸை ஃப்ரெஷன் பண்ணட்டுமா என்றாள்.
அவன் உள்ளங்கையால் கிளாஸை மூடினான்.
மேஜையே சிரித்தது. நானும்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை.
அப்பாவின் நெஞ்சுவலியை
அம்மா டாக்டரிடம் சொன்னது இந்தச் சொல்லால்தான்:
சனிக்கிழமையிலிருந்து கொஞ்சம் ஃப்ரெஷன் ஆகியிருக்கு.
டாக்டர் டொரான்டோக்காரர்.
நல்ல செய்தி, என்று அம்மாவின் தோளைத் தட்டினார்.

அடிப்பதை அடி என்று சொல்லாத ஊர் இது.

ஞாயிறன்று வேலியோரம் எல்வுட் ஸ்விக்கர்:
பழுப்பு மாடு இந்த வாரம் ஃப்ரெஷன் ஆகும்.
ஓஸ்டாப் என் முகத்தைப் பார்த்தான்.
நான் படகுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தொழுவத்துக் கதவில் இரட்டைக் கயிறு,
மாலுமி முடிச்சு.
வாளிகளெல்லாம் ஆணியில் இறுக்கிக் கட்டியிருந்தன.
எல்வுட் திட்டிக்கொண்டே அறுத்துத் திறந்தால்
உள்ளே வைக்கோலில் அவன்,
மடியில் ஈரம் காயாத கன்று,
பக்கத்தில் மாடு, மடி கனத்து,
காம்பிலிருந்து தானாகவே சொட்டிக்கொண்டு.

அன்று முழுக்க அவன் பேசவில்லை.
நோட்டுப் புத்தகத்தில் என்னமோ எழுதினான்,
அவர்கள் எழுத்தில், நீளமாக.
அடித்தான். மறுபடி எழுதினான்.

வியாழக்கிழமை நாலரைக்கு
வானொலி அதே சொல்லைச் சொன்னது.
இரவல் கோட்டின் பொத்தான்களை
கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு,
சிரிக்காமல் கேட்டான்:
பால் வாளி எடுத்துக்கட்டுமா?