கல்குலேட்டரைத் திருப்பி வைத்தல்

குகதாசனை மின்விசிறிப் பக்கம் அனுப்பிவிட்டேன்.
விலை சொன்ன உடனே "சரி தம்பி" என்று
பர்ஸை எடுக்கிற மனிசன்.
தேசிக்காய் வாங்கினாலும் மிச்சக் காசை
எண்ணாமல் சட்டைப்பைக்குள் போடுவார்.
இன்றைக்கு அவருக்கு ஒரே ஒரு வேலை:
விருப்பமில்லாத முகத்தோடு
தூரத்தில் நிற்பது.

வெளியே காலி வீதி.
இரண்டு நூற்றியொன்று பஸ்கள்
ஒன்றையொன்று முந்துகிற சண்டையில்
வெள்ளவத்தை முழுக்க ஹோர்ன்.
உள்ளே குளிர்.
எந்தப் பிரிட்ஜைத் திறந்தாலும் வெளிச்சம்,
வெறும் வெளிச்சம்,
ஒரு முட்டைகூட இல்லை.

எங்களுடையது பன்னிரண்டு வருஷம் ஓடி
போன செவ்வாய் இரவு
கரண்ட் போய் வந்த கணத்தில்
ஒருமுறை கனைத்துவிட்டு நின்றது.
மீன்குழம்பை மேல்வீட்டு ஃபஸீஹா ராத்தாவின்
ஃப்ரீசரில் குடிவைத்திருக்கிறேன்.

'நிபுன' என்று நெஞ்சில் எழுதிய பெடியன்
தமிழ் கொஞ்சம் தெரியும் என்றான்.
எனக்குச் சிங்களம் கொஞ்சம்.
இரண்டு கொஞ்சத்தையும் கூட்டினால்
சுகம் விசாரிக்கலாம்,
கழிவு கேட்கப் போதாது.
அவன் கல்குலேட்டரை எடுத்தான்.

கதவில் ஒட்டியிருந்தது 189900.
அவன் தட்டித் திருப்பினான்: 186000.
நான் அழித்துத் திருப்பினேன்: 165000.
செத்தவீட்டுச் செய்தி வந்தவன்போல
நெஞ்சில் கை வைத்தான்.
184000.
கைப்பைக்குள் இருந்து துண்டை எடுத்தேன்.
புறக்கோட்டைக் கடைக்காரர்
மருந்துக்கடை ரசீதின் பின்னால்
எழுதித் தந்த விலை, 172500.
அது ஒரு சைஸ் சின்னது.
அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"மனேஜரிட்ட கேட்டு வாறன்."
கண்ணாடி அறைக்குள் போனான்.
இரட்டைக் கதவுப் பிரிட்ஜின் மினுக்கத்தில்
எனக்கு எல்லாம் தெரிந்தது:
கதிரை காலி, அதன் முதுகில் ஒரு துவாய்.
நிபுன தண்ணீர் குடித்தான்.
போனைப் பார்த்தான்.
ஏச்சு வாங்கிய முகத்தைப் போட்டுக்கொண்டு
திரும்பி வந்தான்.
178500.

எனக்கும் ஒரு மனேஜர் இருக்கிறார்தானே.
"அவரிட்டக் கேக்கவேணும்" என்று
மின்விசிறிப் பக்கம் நடந்தேன்.
"என்னவாம்?"
"ஒண்டுமில்லை. இல்லையெண்டு தலையை ஆட்டுங்கோ."
ஆட்டினார்.
"இன்னும் வடிவா."
வடிவாகவே ஆட்டினார்.
இருபத்திரண்டு வருஷத்தில்
அவர் எனக்குச் சொன்ன முதல் 'இல்லை'.

நான் திரும்பியபோது பெடியன் சிரித்தான்.
அவனும் அந்த மினுக்கத்தில்
பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.
பிறகு ஒருவரும் ஒருவரிடமும் போகவில்லை.
மாதம் முடிய மூன்று நாள்,
இன்னும் இரண்டு விற்கவேணும் என்று
இரண்டு விரலைக் காட்டினான்.
175000. ஸ்டெபிலைசர் சும்மா. லொறியும் சும்மா.
நான் சமன் குறியை அழுத்தினேன்.
இலக்கம் அசையவில்லை.

பின்னேரம் லொறி வந்தது, இரண்டு பேர்.
மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
கீழே ஒன்றும் கதைக்கவில்லை அவர்கள்.
இரண்டாம் மாடி வளைவில்
பிரிட்ஜ் பாதி அந்தரத்தில் நிற்கும்போதுதான்
மூத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:
"மாடிக்கூலி பில்லில இல்லையே அக்கா."
எந்த இடத்தில் கேட்கவேண்டும் என்று
தெரிந்து வைத்திருக்கிறார்.
"சரி தம்பி," என்றேன்,
குகதாசனின் குரலில்.
இரண்டாயிரம்.

இரவு குழம்பை எடுக்க மேலே போனேன்.
"எவ்வளவுக்கு எடுத்தீங்க?"
சொன்னேன், கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன்.
"அல்லாவே! என்னக் கூட்டிட்டுப் போயிருந்தா
இன்னம் அஞ்சாயிரம் கொறச்சிருப்பேனே!"

கட்டியாய் உறைந்த குழம்போடு
படி இறங்கினேன்.
இளகவிட்டுப் பார்த்தால்
இரண்டு துண்டு மீன் குறைந்திருந்தது.
நான் கேட்கப் போகவில்லை.