வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நடுவில்

வெள்ளம் வந்தது மார்கழி ஒன்று.
சனி பெயர்ந்தது மார்கழி நான்கு.
மூன்றே நாள் வித்தியாசத்தில்
அந்தப் பழியிலிருந்து தப்பித்துக்கொண்டார்.

சிந்துபூந்துறையில் என் ஜெராக்ஸ் கடைக்குள்
ஆள் உயரத்துக்கு நின்றுவிட்டுப் போயிருந்தது ஆறு.
மிஷினின் கண்ணாடிமேல்
யாரோ மறந்து வைத்த சாதிச் சான்றிதழ்.
அதைச் சேற்றில் நகலெடுத்திருந்தது,
ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய்கூட வாங்காமல்.

சகதியை வழித்துக்கொண்டிருக்கும்போது
எதிர் டீக்கடை டிவி என்னைக் கூப்பிட்டது:
கடக ராசி நேயர்களே.
எட்டாம் இடம்.
பூசம் நான். அவருடைய சொந்த நட்சத்திரம்.
சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்
பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகத்தானே கொண்டுவருவார்.

புது மிஷினுக்குப் பைனான்சில் வாங்கினேன்.
வாரம் ஆயிரத்து நூற்றைம்பது.
வசூலுக்கு இசக்கித்துரை,
சனிக்கிழமை காலை பத்து மணி.
கிழமையைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது.

வீரவநல்லூர் ஜோசியர் எழுதிக் கொடுத்தார்:
எள் தீபம், காக்கைக்குச் சோறு,
ஸ்ரீவைகுண்டம் கைலாசநாதருக்கு எட்டு சனிக்கிழமை.
முதல் பஸ்ஸில் போய்
விளக்கின் புகை கண்ணில் இருக்கும்போதே திரும்பி
பத்துக்குள் ஷட்டரைத் தூக்கணும்.
அவருக்குப் பயந்தது பாதி,
இவனுக்குப் பயந்தது பாதி.
காக்கைக்கு வைத்ததைப் புறா தின்றது.
கணக்கில் சேருமா என்று கேட்க
ஜோசியருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

"யக்கா, நானும் கடகந்தான். ஆயில்யம்."
ரசீது கிழித்துக்கொண்டே சொன்னான் ஒருநாள்.
கொடுக்கிறவளுக்கும் வாங்குகிறவனுக்கும்
ஒரே அஷ்டமம்.
அவனைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

பங்குனியில் போனை நீட்டினான்:
"பெயர்ந்துட்டாரு யக்கா, நமக்கு விடுதலை."
அது திருக்கணிதம்.
என் கடைச் சுவரில் தொங்குவது வாக்கியம்.
அடுத்த மாசி வரை இங்கேதான் இருப்பார் என்றது.

முழுசாய் ஒரு வருசம்
இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில்
பட்டா இல்லாப் புறம்போக்காய்க் கிடந்தது.
நான் அதில் ஆடு மேய்த்தேன்.
காலேஜ் பிள்ளைகள் வரிசையில் நின்ற நாளில் திருக்கணிதம்,
டோனர் பொடி சேலையெல்லாம் கொட்டிய நாளில் வாக்கியம்.
துபாய்க்குப் போன ஆறுமுகநயினார்
இனி பணம் அனுப்ப மாட்டார் என்று தெரிந்த அன்றைக்கு மட்டும்
இரண்டையும் பார்க்கவில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை.
பத்து. பத்தரை. பதினொன்று.
கடன் கேட்கிறவன் வரவில்லையே என்று
வாசலுக்கும் மிஷினுக்கும் நடந்தேன்.

வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் டவுன் பஸ் தட்டியதாம்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு போனேன்.
பணமும் முந்தியில் முடிந்திருந்தது.
"கார்டு கொண்டாந்தியளா?" என்றான் முதலில்.
இடது கையால் கோணலாய்க் கையெழுத்துப் போட்டான்.

"எந்தப் பஞ்சாங்கம்லே இது?"
சிரித்தான். சிரித்ததில் தையல் வலித்து
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"காலுக்குள்ள கம்பி வச்சிருக்காவ யக்கா.
இரும்பு அவருக்கு உகந்ததுதானே."

நொண்டி நடப்பவராம், அதனால்தான் மந்தன் என்ற பேராம்.
ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருசம்
ஏன் ஆகிறதென்று
வார்டுக்கும் கழிவறைக்கும் இடையில்
அவன் சுவரைப் பிடித்துப் போனபோது பார்த்தேன்.
அடுத்த கட்டில்காரர் சொட்டுமருந்துப் பாட்டிலை
ஒரு கையில் தூக்கிக்கொண்டே
மறு கையால் கதவைத் திறந்துவிட்டார்.

இப்போது பதினொன்றரைக்கு வருகிறான்.
ஸ்டூலை நகர்த்திப் போடுகிறேன்.
உட்கார்ந்து, காலை நீட்டி,
நோட்டைத் திறக்க நேரம் ஆகிறது.
அதற்குள் இரண்டு ஆதார்,
ஒரு ரேஷன் கார்டு முன்னும் பின்னும்
எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

பாக்கி பதினேழு தவணை.