கே வரிசை

பதினைந்து நாளுக்கு ஒருமுறை
ஒவ்வொரு காரையும் பத்து நிமிடம் உறுமவிட வேண்டும்.
அதுதான் என் வேலை.
சீட்டின் பிளாஸ்டிக் உறை சரசரக்க உட்கார்ந்து
சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருப்பேன்.
ஓடிய தூரம்: ஏழு கிலோமீட்டர்.
தொழிற்சாலை வாசலிலிருந்து இந்தத் திடல் வரைக்கும்
அவ்வளவுதான் இவை பார்த்த உலகம்.

சுங்கை மெந்தாரியில்
செம்பனையைச் சாய்த்துத் தார் ஊற்றிய இருபது ஏக்கர்.
ஏ முதல் எம் வரைக்கும் வரிசைகள்.
பெர்த்தாமா கம்பெனிக்கு மூன்று பெயர்கள்.
சின்னது மெலூர்,
பிள்ளைகுட்டிக்காரர்களுக்குத் தெங்கிரி,
டத்தோக்களுக்குச் செமெர்லாங்.
மீன் பெயரில் கார் விட்டால் எப்படி விளங்கும் என்று
பாசார் மாலாமில் தெங்கிரியை வெட்டிக்கொண்டே கேட்டான் ஆ லெக்.
அவனுடைய தெங்கிரி
கிலோ ஐம்பது வெள்ளிக்குப் போகிறது.
எங்களுடையதுதான் போகவில்லை.

நான் ஒன்று வாங்கினேன்.
வெள்ளை நிறம், ஊழியர் கழிவு, ஒன்பது வருடக் கடன்.
சம்பளத்தை என் கையில் கொடுக்கும் முன்பே
ஐந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளியைத்
தானே எடுத்துக்கொள்ளும் கம்பெனி.

கேண்டீனில் தே தாரிக் ஆறும் முன்
சேதி மூன்று முறை மாறும்.
சீனாக்காரன் வாங்குகிறானாம்.
இல்லை, அரசாங்கம் கைவிடாதாம்.
மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்களாம்,
எதை என்று கோலாலம்பூரில் சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்களாம்.
போன மாதம் வெள்ளைத் தொப்பி போட்ட ஆறு பேர் வந்தார்கள்.
ஒரு கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.
குனிந்து தரையை அளந்தார்கள்.

புதன்கிழமை காலை
என்சிக் ஸாம்ரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
கே வரிசையை இனி உறுமவிட வேண்டாம்.
பேட்டரியைக் கழற்றி சி வரிசையில் மாட்டு.

சி வரிசை மெலூர்.
கே வரிசை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தெங்கிரி.

பத்திரிகையில் வருவதற்குப் பதினோரு நாள் முன்னால்
பத்தாம் நம்பர் ஸ்பேனர்
என்னிடம் சொல்லிவிட்டது.

கறுப்பு முனை முதலில். பிறகு சிவப்பு.
உள்ளே பச்சை எழுத்தில் மணி பத்தே கால் என்றிருக்கும்,
அடுத்த நொடி ஒன்றுமிருக்காது.
அடுத்த கார். பத்து இருபத்திரண்டு. ஒன்றுமில்லை.
மழைக்காலத்தில் கதவு ரப்பரில் படிந்த பாசி
என் முழங்கையெல்லாம்.
நேப்பாளத்து ஜாகா தில் பகதூர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டான்.
நூற்று அறுபத்திரண்டாவது பேட்டரியைத் தூக்கிவைக்கும்போது கேட்டான்:
"தீதி, இதை யாருமே வாங்கலையா?"

"நான் வாங்கினேன்."

அவன் சிரித்தான். நானும்தான்.

சாயங்காலம் ஊழியர் நிறுத்துமிடத்தில்
என் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது,
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.
நேரே போமென் சிங்காரம் கடைக்குப் போனேன்.
"கிளட்ச் கேபிள், சைடு கண்ணாடி ரெண்டு,
இப்பவே வாங்கி வெச்சிரு,
அடுத்த வருசம் எங்க போயி தேடுவ?"
சொல்லிவிட்டு விலையை மட்டும் ஏற்றித்தான் சொன்னான்.
கண்ணாடிகளைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.
இன்னும் எண்பத்துநான்கு தவணை இருக்கிறது.
கம்பெனிக்கு எத்தனை இருக்கிறதோ.

வியாழன், சி வரிசையின் முறை.
ஏழு கிலோமீட்டர் ஓடிய மெலூரில் ஏறிச்
சாவியைத் திருப்பினேன்.
நேற்று நான் தூக்கிவைத்த பேட்டரி.
சட்டென்று பிடித்துக்கொண்டது.
பத்து நிமிடம் ஆன பிறகும்
அணைக்காமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.